கரிக்கோட்டு ஜன்னல்

புதுச் சமையலறைக்கு ஜன்னல் வைக்கத் தச்சர் பலகைச் சுவரில் கரித்துண்டால் கோடு இழுத்ததும், மலாயாவில் ஜப்பான்காரன் காலத்துக் காஜா பெராங் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே புகையில் கண் கசிய அம்மா மரவள்ளிக்கிழங்கு அவிப்பாள். அவளுக்காக அப்பா சுவரில் ஜன்னலளவு கரிச்சதுரம் வரைவார். எட்டு வயதில் நான் அதை அழித்து, கிணறு தெரியவேண்டும், இல்லை, கொய்யாமரம்தான் தெரியவேண்டும் என்று தினமும் இடம் மாற்றுவேன்.

“சரி மகாராணி, நல்லா யோசிச்சு வை. மூணு மாசத்துல வந்து அறுக்கிறேன்,” என்று சிரித்துவிட்டு, ரயில் பாதை போடச் சயாமுக்குப் போன அப்பா திரும்பவேயில்லை. அம்மா கடைசிவரை அந்தப் புகையிலேயே சமைத்தாள்.

“நாளைக்கு யோசிச்சுச் சொல்றீங்களாக்கா?” என்றார் தச்சர், நான் கரிக்கோட்டையே பார்த்து நிற்பதைக் கண்டு.

சரியான இடமா என்று இன்னும் தெரியவில்லை. இடுப்பில் இருந்த என் குழந்தை அடுப்புப் புகையில் இருமியது.

“வேணாம்ணே, இப்பவே அறுத்துடுங்க.”