மாமா ஓட்டிவந்த எருது

ஐம்பதுகளில் நான் ஓசூரில் குடியிருந்து, பஸ் ஏறிப் போய்ப் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். என்ன வேலை தெரியுமா? மாட்டுக் கணையத்தை அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து, ஒரே ஒரு நொதியைப் பிரித்தெடுப்பது. உயிரணுக்களில் ஆர்.என்.ஏ. என்றொரு பொருள் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக நறுக்குவதுதான் இந்த நொதியின் தொழில். கொதிக்க வைத்தாலும் சாகாது, சனியன். கழுவிய குழாயில்கூட ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த சோதனையைக் கெடுக்கும். நான் அதைத் திட்டாத நாள் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் பேரிகையில் என் அக்காவுக்கு ரத்தப் புற்று வந்தது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். பொங்கலுக்குப் போனபோது, அவள் மனம் கொஞ்சம் தேறட்டுமே என்று என் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தேன். எலிக்கு வந்த கட்டியை இந்த நொதி சற்று அடக்குகிறதாம், வெளிநாட்டில் சோதித்துப் பார்க்கிறார்களாம் என்றேன். அக்கா சிரித்தாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என் வாசலில் நிற்கிறார், கையில் செவலை எருதின் கயிறு. கொம்பில் பொங்கலுக்குப் பூசிய வர்ணம் இன்னும் போகவில்லை. கிழட்டு மாட்டைக்கூடக் கசாப்புக்குக் கொடுக்காத மனிதர் அவர்.

"இந்தா மச்சான், புடி. எளம் மாடு, நோவு நொடி கெடையாது. உள்ள இருக்கறத எடுத்து உங்க அக்காளுக்கு ஊசி போட்டுடு."

 எனக்குக் கோபம் வந்தது.

"வெளையாடறீங்களா மாமா? அந்த நொதிக்கு நல்ல அணு எது, கெட்ட அணு எதுன்னு தெரியாது. ஊசில போட்டா அணுவுக்குள்ள போகுமான்னே யாருக்கும் தெரியல!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர்மேல் எனக்கென்ன கோபம்? இத்தனை படித்தும் அக்காவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற வயிற்றெரிச்சல்.

மாமா கயிற்றை விடவில்லை. "மாட்டுக்குத்தான் இருக்குதா? மனுசனுக்கு இல்லையா?"

"இருக்குது மாமா. எல்லாருக்கும் இருக்குது. அக்கா ஒடம்புலயும் இருக்குது."

"அவகிட்டயே இருக்குதா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அவளுதே இருந்தா அவளக் கைவிடுமா?"

எருதைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டார். அது அவளிடம் இருந்தும்தானே நோய் வந்தது என்று கூப்பிட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பங்குனி பிறக்குமுன் அக்கா போய்விட்டாள். "உன்கிட்டயே இருக்குது, கைவிடாது" என்றுதான் மாமா கடைசிவரை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். காரியத்தன்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார். திட்டியிருந்தால் தேவலை.