விஜயராணியின் அளவையியல் பரீட்சை

அவிநாசிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் விஜயராணிக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் கட்டுகளை அவிழ்த்து, ஒவ்வொரு பீஸாகப் புரட்டிப் பார்த்து, குறை உள்ளதை ஒதுக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், நாற்பது வயதுக்கு மேல் தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருவராவது ஒரு கையில் சோறும் மறு கையில் புத்தகமுமாக மூன்று வருடம் மதியச் சாப்பாடு சாப்பிட்டதுண்டா?

எல்லாத் தாளும் தேறிவிட்டாள். அளவையியல் என்கிற தர்க்கத் தாள் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம் என்பதுதான் பாடம். மனப்பாடம் செய்து எழுதினாள், பெயிலாக்கிவிட்டார்கள். இனி ஒரே வாய்ப்பு, வரும் சனிக்கிழமை. படிப்பதற்காக ஓனர் ஆத்தப்பன் புதன் முதல் மூன்று நாள் லீவு கொடுத்திருந்தார்.

செவ்வாயன்று ஆத்தப்பன், ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த பெட்டி ஒன்றைச் சும்மா பிரித்தார். மேல் பீஸ் சரியாக இருந்தது. அடியில் இருந்தவற்றிலெல்லாம் பனியனின் இடது கை உள்பக்கம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டிருந்தது. பனியனுக்குக் கைகளை வைத்துத் தைத்தவன் முனீஸ். கம்பெனியிலேயே நல்ல டெய்லர். அந்த வாரம் காய்ச்சலோடு உட்கார்ந்து தைத்திருக்கிறான். ஆத்தப்பன் அவனை அந்த நிமிஷமே வேலையை விட்டு அனுப்பினார்.

செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. முனீஸ் கட்டு என்றால் யாரும் முழுக்க அவிழ்ப்பதில்லை. மேல் பீஸைப் பார்த்துவிட்டு சீல் அடித்துவிடுவார்கள். அத்தனை நாளும் சரியாக இருந்ததே! இந்த முறை அடித்தவள் விஜயராணி. சீலில் பெயர் கிடையாது. வாயை மூடிக்கொண்டால் லீவும் பத்திரம், பட்டமும் பத்திரம். ஒரு மணி நேரம் மூடிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு நேரே ஆபீசுக்குப் போனாள்.

"முனீஸ மட்டும் வெரட்டாதீங்க சார். அந்தக் கட்ட நான் அவுத்தே பாக்கல. மேல் பீஸப் பாத்துட்டு சீல் அடிச்சிட்டேன்."

ஆத்தப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்கம்மா, நீங்களே இப்படிப் பண்ணலாமுங்களா? லீவெல்லாம் கெடையாதுங்க. அவன் தெச்ச ரெண்டாயிரத்தி ஐந்நூறையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் நீங்க போகோணும்."

"பாக்கேன் சார். அவனக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். விஜயராணி மூன்று நாளும் நின்றபடியே பீஸ் புரட்டினாள். வெள்ளி மாலையில் இன்னும் நானூறு மீதி. பரீட்சை போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டபோது, முனீஸ் மிஷினை விட்டு எழுந்து வந்தான்.

"நீங்க கெளம்புங்கக்கா. மிச்சத்த நான் பாக்கேன்."

ஆத்தப்பன் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி நகர்ந்துவிட்டார். நல்ல மனுஷன்தான், கோபம் வந்தால் மட்டும் அது வெளியே தெரியாது.

புத்தகத்தைத் தொடாமலே பரீட்சைக்குப் போனாள். பலமுறை கண்டது, காணாததற்குச் சான்றாகுமா என்று கேட்டிருந்தார்கள். புகையையும் மலையையும் நாலு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கமெல்லாம் முனீஸின் கட்டைப் பற்றி எழுதினாள். அத்தனை நாள் சரியாக இருந்தது வெறும் பழக்கம், அதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை என்று எழுதினாள். கடைசியில், சீல் அடித்தது நான்தான் என்றும் எழுதினாள். அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. தாள் திருத்துகிறவருக்கு அவள் யாரென்றே தெரியாது.

அறுபத்தெட்டு மதிப்பெண் வந்தது.