தடத்துல போறேனுங்க!

போன மாதம் கொல்லிமலையில் என் கணவரைத் தொலைத்துவிட்டேன்.

பதற வேண்டாம். கிடைத்துவிட்டார். இதோ, நான் இதை எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அன்றைக்குக் காலை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காரணம் இருக்கிறது. இவருக்குக் கண்ணில் அழுத்த நோய். நேர் எதிரே இருப்பது தெரியும். ஓரத்தில் வருவது தெரியாது, காலடியில் இருப்பதும் தெரியாது. “இனிமே ஸ்கூட்டரைத் தொடவே கூடாது” என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் மறுபேச்சு இல்லாமல் சாவியை என் கையில் கொடுத்தார். சரி, ஸ்கூட்டர் போனால் என்ன? டவுன் பஸ் இருக்கிறதே என்று நினைத்தோம்.

பஸ் இருக்கிறது. போவதற்குத்தான் வழி இல்லை!

சேலத்தில் எங்கள் தெருவுக்கு நேர் பின்னால் பஸ் ஸ்டாப். கண்டக்டர் ஊதும் விசில் என் அடுப்படிக்குக் கேட்கும். நடுவில் ஒரே ஒரு சந்து. சந்தின் கடைசியில் இரும்பு கேட். கேட்டில் பூட்டு. “செக்யூரிட்டி மேடம்!” — எங்கள் நலச்சங்கச் செயலாளர் எப்போதும் சொல்கிற பதில் இது. ஆகவே பஸ் பிடிக்க வேண்டுமானால் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே பிளாட்பாரம் உண்டா? ஓ, உண்டு. அதன்மேல் டிரான்ஸ்பார்மர் உண்டு, வரிசையாக பைக்குகள் உண்டு, பஜ்ஜிக் கடை உண்டு. மனிதன் நடக்கத்தான் இடம் கிடையாது.

அந்த பிளாட்பாரத்தில், சாக்கடை ஸ்லாப் பெயர்ந்திருந்த இடத்தில் இவர் ஒருநாள் கால் விட்டு விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு மனிதர் தனியாக வாசல் தாண்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வெளிவேலை மொத்தத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டவர். பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான்கு நண்பர்களோடு பேப்பர் படிக்காவிட்டால் பொழுதே விடியாது அவருக்கு. அப்படிப்பட்டவர் என்னிடம் வந்து, “கடைக்கா போற? நானும் வரட்டுமா?” என்று கேட்பார். அழுதுவிடுவேனோ என்று பயந்து, “வாங்களேன், யாரு வேணாம்னா?” என்று எரிந்து விழுவேன்.

இந்த நிலையில்தான் கொல்லிமலைக்குப் போனோம். இவரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்த பொன்னுசாமி அண்ணனுக்குத் திண்ணனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் வீடு. ரிட்டையர் ஆனதும் மலைக்கே திரும்பி மிளகும் வாழையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். “ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க” என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் என் குடல் வாய்க்கு வந்த கதை இங்கே வேண்டாம்.

போய்ச் சேர்ந்த அன்று மாலையே பொன்னுசாமி அண்ணன் இவரைத் தோளைப் பிடித்து எங்கேயோ நடத்திக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலை அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட, நானும் அவர் மனைவி செல்லம்மா அக்காவும் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். காபி கொடுக்கலாம் என்று வெளியே வந்தால்... நாற்காலி காலி!

ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு. காலடி தெரியாத மனிதர். வீட்டிலிருந்து கீழே இறங்கிய ஒற்றையடிப் பாதையில் ஓடினேன். அது நேராக யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் முட்டியது. வாசல் நிறையப் பாயில் மிளகு காய்கிறது. ‘அடடா, இது அடுத்தவர் வீடு, வழி மாறிவிட்டோம்’ என்று வந்த வழியே திரும்பினேன். சேலத்துக்காரிக்கு வேறு எப்படித் தோன்றும்?

பின்னாலேயே வந்த செல்லம்மா அக்கா என்னை மறித்துக்கொண்டார்.

“ஏனுங்க அம்மிணி, எங்க திரும்பறீங்க? தடம் அவுங்க வாசல் மேலதான் போகுது.”

“அது அவங்க வீடுங்கக்கா...”

“ஆமாங்க, ஊடுதான். அதுக்குன்னு தடம் இல்லாமப் போயிருமா? ஒரு சத்தம் குடுத்துட்டுப் போறதுதான்!” என்றவர், அந்த வாசலில் கால் வைத்ததும் பாட்டுப் போல நீட்டினார். “தடத்துல போறேனுங்கோவ்...”

குரைக்க எழுந்த நாய் பேசாமல் படுத்துக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “போய்ட்டு வாங்க! கீழ படியில பாசி கெடக்குது, பாத்து!”

அங்கே வழக்கம் அப்படியாம். பாதை யார் நிலத்து வழியாகப் போனாலும் அடைக்கக் கூடாது. போகிறவர் குரல் கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் பதில் குரல் கொடுத்து, அடுத்து என்ன மேடு, என்ன பள்ளம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். தன் எல்லைக்குள் வரும் பாதையை அந்தந்த வீடே செதுக்கிச் சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.

செல்லம்மா அக்கா உள்ளே பார்த்துக் கேட்டார். “எங்கூட்டுக்கு வந்த விருந்தாளி இப்பிடி வந்தாருங்களா?”

“கண்ணாடி போட்ட ஐயாவா? இப்பத்தான் சத்தம் குடுத்துட்டுப் போறாரு. வாய்க்காக் கல்லு வழுக்கும்னு சொல்லி உட்டேனுங்க.”

அடுத்த வாசலிலும் அதே கதை. அதற்கடுத்த வாசலில், “அந்த ஐயாவுக்கு நல்ல கொரலுங்க!” என்று பாராட்டு வேறு. பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் கடைசி வீடு. அங்கே தானியம் புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பஸ்ஸு ஏறிட்டாருங்க. செம்மேடு கடைவீதி வரைக்கும் போய்ட்டு இதே பஸ்ஸுல வாரேன்னு சொன்னாரு. டிரைவர்கிட்டச் சொல்லித்தான் ஏத்தி உட்டேன். அழுவாதீங்க சாமி, வந்துருவாரு.”

அழுகிறேன் என்பதே அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் திரும்பி வரும்வரை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். வரட்டும், நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்கவேண்டும் என்று கருவிக்கொண்டிருந்தேன். பஸ் வந்தது. டிரைவர் படிக்கட்டைச் சரியாகப் பாதை முனைக்கு நேராக நிறுத்தினார். ராஜா மாதிரி இறங்கினார் மனிதர்! ஒரு கையில் அன்றைய பேப்பர். இன்னொரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

வாழைத் தோட்டக்காரர் வீட்டில் விருந்தாளி. கடையில் வாழைப்பழம் வாங்கி வந்திருக்கிறார்! செல்லம்மா அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எங்கூட்டுக் காயே நாளைக்கு அதே கடைக்குத்தானுங்க போகுது!”

இவர் அசரவில்லை. “நானே போய், நானே வாங்கிட்டு வந்தேன்மா” என்று என்னிடம் நீட்டினார். “நேத்து சாயங்காலம் பொன்னுசாமி காட்டிக்குடுத்த மாதிரியே ஒவ்வொரு வாசல்லயும் குரல் குடுத்தேன், வழி சொன்னாங்க. காதை வச்சே நடந்துட்டேன்!” அவர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? திட்டுவதை விட்டுவிட்டு வாழைப்பழச் சீப்பைக் கையில் வாங்கிக்கொண்டேன். அந்த மலைக்கும், முகம் தெரியாத அந்தக் குரல்களுக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. நடப்பதற்கு நாம் என்ன செய்கிறோம்? பார்க்கில் டைல்ஸ் ஒட்டி எட்டு வடிவத்தில் நடைபாதை போடுகிறோம். எட்டிலேயே சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் ஆரம்பித்த இடத்திலேயே நின்று மூச்சு வாங்குகிறோம். மலையில் அந்த ஒற்றையடிப் பாதை ஒரு பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வழி என்றால் எங்கேயாவது போய்ச் சேர வேண்டாமா?

அடுத்த நலச்சங்கக் கூட்டத்துக்கு இவரும் வந்தார். கேட் பேச்சை நான் எடுத்ததுமே செயலாளர் ஆரம்பித்துவிட்டார். “கண்டவனும் உள்ள பூந்துருவான் மேடம்...” நான் சண்டைக்கு முந்தானையைச் செருகுவதற்குள் இவர் எழுந்து நின்றார். கூட்டங்களில் வாயே திறக்காத மனிதர்.

“எனக்குத் தனியா பஸ்ஸுக்குப் போகணும் சார். அவ்வளவுதான்.”

செயலாளர் மேஜையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, “காலைல பால் வர்ற நேரத்துக்குத் திறந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூட்டிக்கலாம். சாவி என்கிட்டயே இருக்கட்டும்” என்றார். நல்ல மனிதர், அவரையும் சொல்ல வேண்டும். அவர் வீடுதான் சந்தின் கடைசி வீடு. சந்தில் இருந்தவர்கள் பூந்தொட்டிகளை நகர்த்தினார்கள். ஒருவர் தன் காம்பவுண்டு சுவரில் பல்பு மாட்டினார். கவுன்சிலரிடம் சொல்லி, குண்டும் குழியுமாகக் கிடந்த தரைக்குச் சிமெண்டும் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை!

போன வியாழக்கிழமை கேட் திறந்தது. இவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் மாடியிலிருந்து, பார்க்காத மாதிரி துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தேன். சந்து முனையில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“தடத்துல போறேனுங்க!”

ஐயோ... மானம் போகிறது! ஒருவர் வீட்டிலும் பதில் இல்லை. இவர் ஒரு கையால் சுவரைத் தொட்டபடி அப்படியே நிற்கிறார். நான் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன்.

அப்போது கடைசி வீட்டு ஜன்னல் திறந்தது. செயலாளர்.

“போயிட்டு வாங்க சார்! கேட் பக்கத்துல ஒரு படி இருக்கு, பாத்து!”

இன்றோடு ஒரு வாரம். தினமும் போகிறார், தினமும் கையோடு ஒரு சீப்பு வாங்கி வருகிறார். வீட்டில் தின்ன ஆளில்லாமல் வாழைப்பழம் கறுத்துக் கிடக்கிறது. நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.