டம்மி மாலை

வடமதுரை ரோட்டில் பட்டறை வைத்திருந்த அந்த மெக்கானிக், வண்டியைத் தொடுவதற்கு முன் சைலன்சர் புகையை முகர்ந்து பார்ப்பார். என் வண்டியை முகர்ந்ததும் அவருடைய ஒட்டிய கன்னம் இறுகியது.

"ஆக்சிஜன் சென்சாரைக் கழட்டிட்டு டம்மி மாட்டிருக்கான். சென்சார்தான் புகையைப் பார்த்து, பெட்ரோல் இம்புட்டுப் போதும்னு சொல்லும். புகைச் சட்டத்துக்காக வச்சது. அது இல்லாம இப்ப கண்டபடி ஊத்துது."

பிக்கப் கூடும் என்று திண்டுக்கல்லில் ஒரு கடையில் நான் செய்துகொண்ட வேலை அது. இவரும் முன்பு அங்கேதான் இருந்தாராம். டம்மி மாட்ட மாட்டேன் என்றதற்கு, வாடிக்கையாளர்கள் முன்னால் முதலாளி கன்னத்தில் அறைந்து விரட்டினாராம்.

புது சென்சாரை மாட்டிவிட்டு, கழற்றிய டம்மியை ஒரு கம்பியில் கோத்தார். அதில் ஏற்கெனவே நாற்பது டம்மியாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் வண்டி நம்பர் எழுதிய சீட்டு.

"ஆயுத பூசையன்னிக்கு, அம்புட்டுப் பேரு முன்னால, அவன் கழுத்துல மாலையாப் போடப் போறேன்."

எனக்கும் அந்த முதலாளி மேல் ஆத்திரம். "நானும் வாரேண்ணே," என்றேன்.

"வாங்க தம்பி. கேட்டு மாட்டிக்கிட்ட ஆளுகளும் நிக்கணும்ல," என்றபடி என் நம்பரை எழுதினார்.

ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள். நான் ஊரில் இருக்கப் போவதில்லை. மாலையில் என் நம்பர் இருக்கும்.