பீற்றூட் தண்ணீர் தெளிக்கச் சொன்ன கிரேஸ் மிஸ்

"கிரேஸ் மிஸ் மோசம் போயிட்டா" என்று மிஸ்ஸின் ஊரான உடுவிலிலிருந்து தொலைபேசியில் மரணச் செய்தி வந்தபோது நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என் கணவர் சிவநேசன் முற்றத்தில் குந்திவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார். ஏன் அழுதார் என்று சொன்னாலே, மிஸ்ஸைத் தெரியாதவர்களுக்கும் அவர் யாரென்று விளங்கும்.

எங்கள் சண்டிலிப்பாய்ப் பகுதிக்கு நீண்டகாலம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர் அவர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால்வரை றப்பர் சப்பாத்துடன் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். "மழை வரப்போகுதோ, மிஸ்?" என்று பகிடி விட்டவர்களில் என் கணவரும் ஒருவர். "மழை வராது. நீங்கள் அடிக்கிற மருந்துதான் என்ரை காலுக்கு வரும்" என்று உடனே திருப்பிக் கொடுப்பார் மிஸ்.

அந்த நாட்களில் எங்கள் நெல்வயலில் ஒரு புல் குடியேறியிருந்தது. பார்வைக்கு நெல்லேதான், கதிர் வந்த பிறகுதான் ஆள் யாரென்று தெரியும். முதலில் களைநாசினிக்குச் செத்தது. பிறகு அசையவில்லை. என் கணவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அதற்கும் சாகாதபோது இன்னும் கூட்டினார். வெறுங்கையால் கலக்கி, வெறுங்காலுடன் நடந்து, காற்றுக்கு எதிரே அடித்துவிட்டு வருவார். வந்தால் சத்தி, தின்றதெல்லாம் வெளியே. கையெல்லாம் கொப்புளம். டொக்டர் கேட்டால் "சாப்பாடு ஒத்துவரேல்லை" என்பார். புல் சாகப்போவதில்லை, இந்த மனிதர்தான் செத்துப்போவார் என்று எனக்கு ஈரல் கருகியது. ஒருநாள் மிஸ்ஸை வழியில் மறித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வாறன். நீர் ஒண்டும் கதையாதையும்" என்றார்.

அடுத்த பயிற்சி வகுப்பை எங்கள் வயலிலேயே வைத்தார். எல்லோரும் வெள்ளை உடுத்து வரவேண்டும் என்பது கட்டளை. என் கணவர் கோயிலுக்குக் கட்டும் வேட்டியுடன் போனார்; அதைத் தோய்க்கப்போகிறவள் நான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. பீற்றூட் அவித்த தண்ணீரைத் தெளிகருவியில் ஊற்றி, "வழக்கமா அடிக்கிற மாதிரி அடியுங்கோ" என்றார் மிஸ். என் கணவர் வயலின் அந்தம்வரை போய்த் திரும்பினார். தொடையிலிருந்து பாதம்வரை சிவப்பு. வியர்வை துடைத்த நெற்றியில் சிவப்பு. பீடி பிடித்த உதட்டிலும் சிவப்பு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் சின்ன மகள் ஓடிவந்து தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் விலகியபோது அவளுடைய கன்னமும் சிவந்திருந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

"இது பீற்றூட், நேசன். கழுவினால் போயிடும்" என்றார் மிஸ்.

மறுநாள் இவரே மிஸ்ஸைத் தேடிப் போனார். "மருந்தைக் குறைச்சால் வயலைப் புல்லுத் தின்னுமே, மிஸ்?"

"இப்ப மட்டும் என்ன செய்யுது? சாகிறதெல்லாம் செத்துப்போச்சு. உந்த மருந்துக்குச் சாகாததுதான் மிஞ்சி நிண்டு விதை போடுது. நீங்கள் திரும்பவும் அதையே அடிக்கிறியள். உந்தப் புல்லை வளர்க்கிறதே நீங்கள்தான்."

அதன் பிறகு முதல் மழைக்கு முளைத்த புல்லை உழுது புரட்டிவிட்டே விதைத்தோம். மருந்து தேவைப்பட்டால் மிஸ் சொன்ன வேறு வகை, சொன்ன அளவு, கையுறை, சப்பாத்து. தப்பிய புல்லை விதை கொட்டுமுன் பிடுங்கிச் சாக்கில் கட்டினோம். முதல் போகத்தில் இடுப்பு முறிந்தது. மிஸ்ஸை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். "கிணத்தடியில மருந்து மெசின் கழுவினால் உங்கடை வீட்டில தேத்தண்ணி குடிக்கமாட்டன்" என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வயல் தெளிந்தது. இவருக்குச் சத்தியும் நின்றது.

மிஸ்ஸை அடக்கம் செய்யவிருந்த சேமக்காலையில் மாரி மழைக்குப் புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. அதற்கு மருந்தடிக்க யாரோ ஆள் பிடித்திருப்பதாக அறிந்ததும் என் கணவர் கொதித்துவிட்டார். "இண்டைக்கு அடிச்சால் நாளைக்குப் புல்லுச் சாகாது. வாற சனம் அந்த ஈரத்துக்குள்ளதான் நிக்கும். மிஸ்ஸின்ரை செத்தவீட்டில உப்பிடியோ? விடுங்கோ, நாங்கள் வாறம்" என்று தொலைபேசியில் சொன்னார்.

விடியும்போதே சண்டிலிப்பாயிலிருந்து மண்வெட்டிகளுடன் போனார்கள். எல்லோரும் மிஸ்ஸிடம் ஏச்சு வாங்கியவர்கள். பெரும்பாலும் சைவர்கள், சேமக்காலைக்குள் அதுவரை கால் வைக்காதவர்கள். செதுக்கினார்கள், பிடுங்கினார்கள். கதிர்விட்ட புல்லை என் கணவர் தனியாகச் சாக்கில் கட்டினார்.

"இஞ்சை ஆர் விதைக்கப்போகினம், அண்ணை?" என்று கூட வந்தவர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. எண்டாலும் மிஸ்ஸுக்குப் பிடிக்காது" என்றார் இவர்.

பின்னேரம் பெட்டியை இறக்கும்போது நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குழியருகே நின்றோம். மண் ஈரமாக இருந்தது. மழையின் ஈரம்தான். பயமில்லாமல் வெறுங்காலுடன் நின்றோம்.

மிஸ், என்ரை மனிசனை எனக்குத் திருப்பித் தந்தனீங்கள். போயிட்டு வாங்கோ.