நீலம் கூடிப்போன படம்

என் அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமான நாளிலிருந்து சண்டை என்றால் அது நிறத்தைப் பற்றித்தான். அக்கா ஓவியம் வரைபவள். அத்தான் பெயிண்ட் தொழிற்சாலையில் ஒவ்வொரு கலவையையும் கருவியில் அளந்து 'சரி' சொல்பவர். திரைச்சீலை வாங்கப் போனால் கடைக்காரர் பாடு திண்டாட்டம். அத்தான் துணியை விளக்கடியில் ஒருமுறை, வாசல் வெயிலில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார். அக்கா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்பாள்.

"நிறம்ங்கிறது வெளிச்சம், அவ்வளவுதான். அளந்தா நம்பர் வந்துடும்."

"பக்கத்துல எந்த நிறம் இருக்குன்னு உங்க மெஷினுக்குத் தெரியுமா?"

இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

அவர்களுடைய ஒரே பையன் ஆறு வயதில் இதயக் கோளாறில் போய்விட்டான். கடைசி நாட்களில் உதடும் கன்னமும் நீலம் பாரித்துக் கிடந்தன. அதன்பின் அக்கா தூரிகையைத் தொடவில்லை. ஐம்பதைத் தாண்டியபின் திடீரென்று ஒருநாள் அவன் முகத்தை வரைந்தாள், ஓடி விளையாடிய காலத்து முகம். இருந்த ஒரே ஃபோட்டோ கறுப்பு வெள்ளை. "என் பிள்ளையோட நிறம் எனக்குத் தெரியாதா?" என்று அதையும் தள்ளிவிட்டாள். படம் கூடத்தில் ஏறியது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். எனக்கு என்னவோ போலிருந்தது. கலை விஷயம், நமக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. "ஆகாயம் இவ்வளவு நீலமாடீ!" என்று குழந்தை போலக் குதித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவள், கூடத்தில் படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு என் பிள்ளைமேல கை வச்சது?"

யாரும் வைக்கவில்லை. அத்தான்தான் மெல்லச் சொன்னார். "வரையும்போதே உனக்குப் புரை விழுந்திருக்கு. புரைக் கண்ணு மஞ்சள் கண்ணாடி மாதிரி. நீலத்தை உள்ளே விடாது. மனசுல இருந்த முகம் வரணும்னு நீ நீலத்தைக் கூட்டிக்கிட்டே போயிருக்கே."

"உங்களுக்கு முதல்லேருந்தே இப்படித்தான் தெரிஞ்சுதா?"

தலையாட்டினார்.

"தினமும் இதுக்கு எதிர்லதானே உட்கார்ந்து சாப்பிட்டீங்க?"

"வரைஞ்சு முடிச்சதும் நீ சிரிச்சேம்மா. எப்படிச் சொல்றது?"

பாவி மனுஷன். இத்தனை நாளும் மகனின் கடைசி முகத்தைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா அழவில்லை. அங்கேயே உட்கார்ந்து நிறங்களைக் கலக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் படத்தின் கன்னத்தருகே பிடித்து, "இதுவா? இதுவா, சொல்லுங்களேன்" என்று அத்தானைக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது.

"எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குதே. உங்களுக்காவது வருதா?"



"எனக்கும் அந்த நீலம்தான்மா வருது" என்றார் அத்தான்.