தாடிக்காரர் சிபாரிசு செய்த அம்புமுனை

மராட்டிய நகரம் ஒன்றின் புறநகரான வாகட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படுக்கையறைதான் எங்கள் அலுவலகம். அங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குப் புத்தி சொல்வது என் வேலை. வில்வேட்டையில் எந்த விலங்குக்கு எந்த அம்புமுனையை வாங்க வேண்டும் என்று இணையத்தில் ஒரு கட்டுரை. நான் வில்லைத் தொட்டது பள்ளி நாடகத்தில்தான், அதுவும் அட்டை வில்.

கட்டுரைக்கு மேலே என் பெயர் வராது. ஒரு தாடிக்காரரின் படம் வரும். காட்டிலேயே வளர்ந்தவராம். அப்படி ஒருவர் கிடையாது. எங்கிருந்தோ படத்தை வாங்கிப் போட்டவர் எங்கள் முதலாளி, இதே ஊரின் வானவடிப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவர் வேட்டையாடிய இடமெல்லாம் கல்யாண வீட்டு பஃபே மேசைகள்தான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, புரிந்துகொண்டுதான் எழுதுவேன். அதனால் தெரிந்துகொண்டேன். முயல், அணில் என்றால் மொட்டை முனை போதும். வான்கோழிக்கும் சாதாரண மானுக்கும் விரியும் முனை சரிவரும். அதன் ப்ளேடுகள் மடங்கியபடி பறந்து போய், பட்டதும் விரிந்து அகலமாக வெட்டும். ஆனால் விரிவதிலேயே வேகத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். தோள் தோல் தடித்த காட்டுப்பன்றிக்கும், குதிரை உயரத்துக்கு நிற்கும் எல்க் மானுக்கும் ப்ளேடு அசையாத முனைதான் வேண்டும். எங்கள் ஊரின் கேம்ப் பகுதிக் கறிக்கடையில் எலும்புக்கு ஒரு கத்தி, சவ்வுக்கு ஒரு கத்தி என்று வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது விளங்காதா?

முனை தப்பாகப் போனால் அம்பு பாதியில் நின்றுவிடும். விலங்கு சாகாது, பிழைக்கவும் பிழைக்காது. காட்டுக்குள் ஓடிப்போய் நாள்கணக்கில் வதைபடும். வேட்டையே எனக்குப் பிடிக்காது. கொல்லத்தான் போகிறார்கள் என்றால் சட்டென்று முடியட்டும் என்பதுதான் என் கவலை. அதற்காகத்தான் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாகப் பிரித்து எழுதினேன்.

முதலாளி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, எந்த விலங்குக்கும் விரியும் முனைதான் சிறந்தது என்று மாற்றினார். எங்கள் கட்டுரை வழியாக வாங்கினால் கடைக்காரர்கள் எங்களுக்குத் தரும் கமிஷன் அதில்தான் அதிகம்.

"சார், பெரிய விலங்குக்கு அது உள்ளே இறங்காது" என்றேன்.

"அரே, நீ எதுக்கு டென்ஷன் எடுக்குற? நாலு சொன்னா கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதைப் படிச்சுட்டு யாரு நிஜமா காட்டுக்குப் போகப் போறான்?"

வேட்டைக்காரர்களுக்காக நடத்தும் தளத்தில் வேட்டைக்காரன் வரமாட்டான் என்று நம்புகிற மேதை அவர்.

ஒருவன் போனான். கட்டுரைக்குக் கீழே வந்து திட்டியிருந்தான். எல்க் மானின் தோளில் அம்பு பட்டு, விரிந்து, எலும்பிலேயே நின்றுவிட்டது. அம்போடு ஓடிய மானைத் தேடித்தேடியும் காணவில்லை.

முதலாளி சிரித்த முகத்தோடு என் மேசைக்கு வந்தார். "பாத்தியா, எவ்வளவு நீளமா எழுதியிருக்கான். ஜனங்க படிக்கறாங்க."

"சார், அந்த மான் இன்னும் செத்திருக்காது."

அவர் யோசித்தார். வழக்கமாக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்.

"அச்சா, அப்போ அடுத்த ஆர்ட்டிக்கிள் கிடைச்சிருச்சு. அடிபட்ட விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்கறது எப்படி. சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு."

கொடுத்தேன். தாடிக்காரரே பேசுவதாக முதல் பத்தியை எழுதினேன். "நான் முன்பு சொன்னது தவறு. பெரிய மானுக்கும் பன்றிக்கும் விரியும் முனையை எடுத்துப் போகாதீர்கள். ஒரு விலங்கு என்னால் வதைபட்டது." வேலை போவது நிச்சயம் என்று என் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி கோப்பைத் திறந்தார். எத்தனை வார்த்தை என்று மட்டும் பார்த்தார். "ஏக்தம் பெஸ்ட்" என்று சொல்லிவிட்டு அப்படியே தளத்தில் ஏற்றினார்.

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் தப்பை ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அந்தத் தாடிக்காரர்தான்.